தீபம் எரியும் வரை ரீஸ்டார்ட் கிடையாது

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபது வருடங்களாக நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். "மொதல்ல ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு, அப்புறம் என்னைக் கூப்பிடு." பையன்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு ரீஸ்டார்ட் மேடம் என்று பேர் வைத்திருப்பது எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான், ஒரு கார்த்திகை தீப சமயத்தில், என் சொந்த வீட்டில், என் சொந்த கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ண முடியாமல் ஒரு மத்தியானம் முழுக்கத் தவித்தேன். தடுத்தது என் நாத்தனார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தவள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது யாராவது ஒருத்தர் வீட்டோடு இருக்கவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அரசு வேலை, எனக்கு லேப். அவள்தான் வேலையை விட்டாள். விடு என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அவர் போனபிறகு பழைய பள்ளியில் போய்க் கேட்டாள். சின்ன வயசுப் பெண்கள் கம்மி சம்பளத்துக்குக் கிடைக்கிறார்கள், இவளை எதற்குச் சேர்ப்பார்கள்?

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு வாய்ப்பு வந்தது. வளைகுடாவில் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், நம் நேரத்துக்கு ஆறரை மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு. பெற்றோர்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் வாரம் மூன்று நாள் வகுப்பு அவளுக்கு. செல்போனில் எடுக்கக்கூடாது, கம்ப்யூட்டரில் இருந்து எடுக்கவேண்டும், திரையில் எழுதிக் காட்டவேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் நான் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்? ஒரு மாதம் அவள் அதில் மவுஸைப் பிடித்து "அ" எழுதப் பழகினாள். முதல் வாரம் கோழி கிளறிய மண்போல இருந்தது. நாலாவது வாரம் அச்சில் வார்த்தமாதிரி வந்தது. பாடத்துக்கான படங்களை எல்லாம் அதிலேயே வரைந்து அடுக்கிவைத்திருந்தாள்.

தீபத்தன்று சாயங்காலம் எல்லோரும் மொட்டைமாடியில் நின்றோம். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா சொன்னது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் நாத்தனாரைக் காணோம். கீழே ஓடி, மலைபார்த்த ஜன்னலோரம் இருக்கும் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்திவிட்டு, அதற்கு முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

"வேண்டிக்கிட்டேன் அண்ணி," என்றாள். "மலைமேல தீபம் எப்படியோ அப்படியே இதுவும். பதினோரு நாளும் எரியணும். நடுவுல அணைக்கக்கூடாது."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ் இருக்கில்ல. அதையும் மீறிப் போச்சுன்னா அது சாமி பண்றது. நாமளா அணைக்கக்கூடாது."

நான் சிரித்துவிட்டேன். மொட்டை போடுகிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிற ஊரில் இவள் கம்ப்யூட்டரை எரியவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறாள். கரண்ட் பில்லோடு போகிற வேண்டுதல்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சும்மா விட்டிருக்கவேண்டும். மறுநாள் எனக்குக் கை நமநமத்தது. கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறதே, பண்டிகைக்கு வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவியாயிற்று, இதை மட்டும் அழுக்காக விடுவானேன் என்று உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் அப்டேட் போட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய கோப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் பெருக்கித் தள்ளினேன். முடிவில், ரீஸ்டார்ட் செய்யவும் என்று ஒரு வரி வந்தது. வேண்டுதல் ஞாபகம் வந்தது. தீபம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரியை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒத்திகை. அவள் கம்ப்யூட்டரில், நான் சமையலறையில் செல்போனில். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. படம் மட்டும் எப்போதாவது ஒரு நொடி நின்று நின்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் போதும் என்று எழுந்திருப்பார்கள். நான் லேப் மேடம் ஆயிற்றே. வைஃபை கார்டை ஓட்டும் டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்தேன். மினுக்கும் டியூப்லைட்டைத் திருகிக் கழற்றி மாட்டுவோமே, அந்த மாதிரி வேலைதான். கழற்றும் கட்டளையைக் கொடுத்தேன், கழன்றது. மாட்டும் கட்டளையைக் கொடுத்தேன். அப்படி ஒன்று இங்கே இல்லையே என்று பதில் வந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

திரையின் மேல் மூலையில் வைஃபைக்கு விசிறிபோல ஒரு குறி இருக்கும். அது இல்லை. மெனுவைத் திறந்தால் ஒலி இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, வைஃபை என்ற வரி மட்டும் இல்லை. ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்யலாம். வரியே இல்லையென்றால் எதை ஆன் செய்வது?

"அண்ணி, அங்க விசிறி மாதிரி ஒண்ணு இருந்துச்சே?" என்றாள் பின்னாலிருந்து.

"வரும், இரு," என்றேன்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். செட்டிங்ஸைத் திறந்தால், வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை என்று கூசாமல் சொன்னது. ஏரோப்ளேன் மோடா என்று பார்த்தேன், இல்லை. எங்காவது தடுத்துவைத்திருக்கிறதா என்று பார்த்தேன், தடை எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் கார்டுகளின் பட்டியலை எடுத்தால் வைஃபை கார்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. வைஃபை பெட்டி கீழ் வீட்டில் இருக்கிறது, இரண்டு குடும்பமும் பங்குபோட்டுக்கொள்கிறோம். என் செல்போனில் அதே வைஃபை ஜோராக வந்துகொண்டிருந்தபோதும், மூன்று தடவை படியிறங்கிப் போய் அந்தப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செல்போனைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தேன். அதற்கும் ஒரு டிரைவர் வேண்டுமாம், அதுவும் இல்லையாம்.

கடைசியில்தான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸின் பதிப்பு எண்ணையும், ஹார்ட் டிஸ்க் வட்டில் இருக்கும் லினக்ஸின் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு. நான் போட்ட அப்டேட் வட்டில் புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்யாததால் ஓடுவது இன்னமும் பழையது. ஏற்கனவே உள்ளே போன டிரைவர்கள் தப்பித்தன. நான் கழற்றிய வைஃபை டிரைவர் திரும்பி வர, அதன் பழைய வீடு வட்டில் இல்லை. முன்பு டவுன்லோட் செய்துவைத்த பழைய லினக்ஸ் தொகுப்பாவது இருக்கிறதா என்று தேடினேன். பண்டிகைக்கு ஒட்டடை அடித்தவள் யார்? நான்தான்.

"தெரிஞ்சுடுச்சு," என்றேன். "ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "வேற வழி இல்லையா அண்ணி?"

இன்னொரு வழி இருந்தது. கீழே இருக்கும் பெட்டியிலிருந்து மாடிக்கு நீள கேபிள் இழுக்கலாம். என் வீட்டுக்காரரை ஸ்கூட்டரில் டவுனுக்கு விரட்டினேன். தீபத்துக்கு வந்த ஜனம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. செங்கம் ரோட்டிலேயே தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். போனவர் போனவர்தான். போன் போட்டால், வெளியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே டவர் எங்கே கிடைக்கிறது?

மணி நாலரை ஆனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சாமிக்கு லினக்ஸ் தெரியுமா? ஒரு ரீஸ்டார்ட் பண்ணதுக்கா கோச்சுக்கப் போறாரு? உன் வேலை போயிடும், அது பரவால்லயா?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அப்பா படுத்திருந்தப்போ எவ்வளவோ வேண்டிக்கிட்டேன் அண்ணி. ஒண்ணையும் முடிக்க முடியல. கிரிவலம் வரேன்னேன், அவரை விட்டுட்டு நாலு மணி நேரம் எங்க போறது? பாதியிலயே நின்னது எல்லாம். இது வீட்டுக்குள்ள இருந்தே செய்யறது. இந்த ஒண்ணையாவது முழுசா முடிக்கணும்னு நெனச்சேன்."

ஒன்பது வருடம் அதே வீட்டில் இருந்தவள் நான். அவள் வேண்டிக்கொண்டதும் தெரியாது, முடிக்கமுடியாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்ததும் தெரியாது. அவமானமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது கீழ் வீட்டுப் பெண் மேலே வந்தாள். அவள் வீட்டுக்காரர், மலைமேல் தீபம் ஏற்றுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள். "மூணு தபா வந்து அந்தப் பொட்டிய அணைச்சு அணைச்சு போட்டீங்க. நானும் சீரியல் பாக்க முடியாம ஒக்காந்துனு இருக்கேன்."

நடந்ததைச் சொன்னேன். வேண்டுதலையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை, குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

"மலைமேலயே பகல்ல எரியாதேக்கா. தினம் காலையில குளிர வெச்சுடுவாங்களே."

நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். நான் கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருடம். பதினோரு நாளும் தீபம் எரியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் இது. பகலில் தெரியாததற்குக் காரணம் வெயில் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நிஜமாவா?" என்றாள் நாத்தனார்.

"எங்க வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் மேலதான் இருந்தாரு. இப்போதான் தூங்கறாரு. நம்பிக்கை இல்லன்னா எழுப்பிக் கேளுங்க."

நம்பிக்கை இல்லாதவள் மாதிரி நாத்தனார் நிஜமாகவே படியிறங்கிப் போய் அந்த மனிதரை எழுப்பிவிட்டாள். நெய் வாசனையோடு, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஆமா தங்கச்சி," என்றார். "ராப்பூரா எரியும். காலையில குளிர வெச்சுடுவோம். கொப்பரை ஆறணும், திரி மாத்தணும், நெய் ஊத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் மறுபடி ஏத்துவோம். தெனமும் அப்படித்தான். ஏன், யாராவது வேற மாதிரி சொன்னாங்களா?"

"இல்லண்ணா, நீங்க தூங்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். அவள் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

ரீஸ்டார்ட் பட்டனுக்கு என் விரல் போய்விட்டது. "இருங்க அண்ணி," என்று கையைப் பிடித்தாள். "தீபம் எப்படியோ அப்படியேன்னுதானே வேண்டிக்கிட்டேன். அப்போ இப்போ குளிர வெச்சுட்டு, ஆறு மணிக்குத்தான் ஏத்தணும்."

மணி ஐந்து இருபது. வகுப்பு ஆறரைக்கு. நாற்பது நிமிடம் கம்ப்யூட்டரைச் சும்மா வைத்திருக்கவேண்டும். எரிச்சலில் என் பல் நறநறத்தது. ஆனாலும் அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது. வேண்டிக்கொண்டவள் அவள், நான் இல்லை. அவளே மெனுவைத் திறந்து, மெதுவாக, சாமி விளக்கைக் குளிர வைக்கிற மாதிரியே கம்ப்யூட்டரை நிறுத்தினாள். திரை கருத்தது.

அவள் குளிக்கப் போனாள். நான் கருத்த திரையின் முன்னால் உட்கார்ந்து, இன்னும் என்னென்ன கெடலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய லினக்ஸுக்கு இந்தப் பழைய கார்டு பிடிக்காமல் போகலாம். கம்ப்யூட்டர் கிளம்பாமலே போகலாம். அப்டேட் பாதியில் ஏதாவது முழுங்கியிருக்கலாம். நாத்தனார் நீலப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து, "வந்துடும் இல்ல அண்ணி?" என்றாள். "கண்டிப்பா வரும்," என்றேன்.

கீழ் வீட்டுப் பெண்ணும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சீரியலைவிட இது அவளுக்குப் பிடித்துவிட்டது. மூன்று பேரும் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சியில் மினுக்கென்று தெரிந்தது. தெருவெல்லாம் அரோகரா எழுந்தது. நாத்தனார் கும்பிட்டாள், பட்டனை அழுத்தினாள்.

கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. எழுத்துகள் ஓடின. நடுவில் ஒரு இடத்தில் நின்று யோசித்தது, அங்கே என் உயிர் பாதி போனது. பிறகு அவள் வைத்திருந்த பூப்படம் வந்தது. மேல் மூலையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் புள்ளிபுள்ளியாக ஏதோ சுழன்று, விசிறிக் குறி வந்து உட்கார்ந்தது.

நான் கைகொட்டினேன். நாற்பத்தெட்டு வயதில், லேப் மேடம், ஒரு குறியைப் பார்த்துக் கைகொட்டினேன். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள். கீழ் வீட்டுப் பெண் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்து, "இத்தினூண்டு படத்துக்கா இவ்ளோ பாடு?" என்றாள். மூவரும் சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். ஆறரைக்கு வகுப்பு தொடங்கியது.

ஆறே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தோளில் முப்பது மீட்டர் கேபிள் சுருட்டித் தொங்கியது. ஸ்கூட்டரை எங்கோ விட்டுவிட்டுக் கூட்டத்தில் நடந்தே வந்திருக்கிறார், சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. "எங்க சொருகணும்?" என்று கேட்டபடி ஏறியவர், பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. எங்களோடு பேசும் குரல் இல்லை அது. கணீரென்று, தாளம் போட்டு, ஒரு குழந்தையைக் கேலி செய்து, இன்னொன்றைத் தட்டிக்கொடுத்து, எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லவைக்கிற குரல். அந்தப் பக்கம் ஏழெட்டுப் பிள்ளைகள் கத்திக் கத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாவா அது?" என்றார். தங்கையை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"பின்ன யாரு?"

"ஸ்கூலுக்கு அவளைக் கூப்பிடப் போவேன் இல்ல, அப்போ கேட் வரைக்கும் கேக்கும்," என்றார். "நான்தான் அவளைப் போய் வேலையை விடாதன்னு சொல்லியிருக்கணும். அண்ணன்காரன் நான். ஒரு ஆள் வெச்சுப் பாத்திருக்கலாம். வாயத் தொறக்கலயே நான்." அவர் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"நானும்தான் தொறக்கல," என்றேன். "இப்போ பேசி என்ன, விடுங்க." ஆளுக்கொரு சமாதானமாக நாங்கள் பேசிக்கொண்டே போனோம். எங்கள் குரல் உயர்ந்தது எங்களுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கிளாஸ் நடந்துட்டிருக்கில்ல? என்ன பேச்சு அங்க? பேசணும்னா கீழ போய்ப் பேசுங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரசு அதிகாரி ஒருவரும் லேப் மேடம் ஒருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் கேபிளோடு எனக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. எனக்கும் அப்படித்தான்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு எடுக்கச்சொல்லி அந்தப் பெற்றோர்களிடமிருந்து செய்தி எட்டரை மணிக்கு வந்தது. எங்கள் இருவருக்கும் அது ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது.